மியாப்பூரில் காத்திருந்த பஸ்

போக்குவரத்துப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும் சேர்ந்து அனுப்பிய திட்டத்தை இரண்டு முறை படித்தேன். டீசல் பஸ்களை ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டு மின்சார பஸ்கள் வாங்குவது, ஷெட் கூரையில் சோலார் தகடுகள் பதிப்பது, சைக்கிளில் வருகிறவர்கள் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை. எல்லாமே நல்ல யோசனைகள். என் காலத்தில் இவற்றில் பாதியைக் கேட்டிருந்தால்கூடச் சிரித்திருப்பார்கள். கடைசியில், "குறை ஏதாவது இருந்தால் சொல்லுங்கள் மேடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். குறை சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறதா என்று தெரியவில்லை. இதே மாதிரி ஒரு திட்டத்தை நானும் ஒரு காலத்தில் எழுதினேன். அதற்குப் பரிசும் வாங்கினேன். அந்தத் திட்டத்தால் ஒரு மனிதரின் கால் உடைந்தது. அதைச் சொல்கிறேன். உங்கள் திட்டத்தில் எதைச் சேர்ப்பது என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நம் தொழிற்சாலை ராமச்சந்திராபுரத்தையும் தாண்டி ஹைதராபாத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. உப்பல் நேர் எதிரே, கிழக்கு ஓரம். அங்கே குடியிருந்த ஊழியர்களுக்காக ஒரு பெரிய பஸ் விடிவதற்கு முன்பே கிளம்பி, நகரம் முழுவதையும் குறுக்காகக் கடந்து, நம் கேட்டுக்கு வரும். மாலையில் அதே வழியாகத் திரும்பும். செகந்திராபாத்திலும் பாலாநகரிலும் அது நின்று புகை விட்டுக்கொண்டிருந்த நேரம்தான் ஓடிய நேரத்தைவிட அதிகம். ஐம்பது பேர் உட்காரும் வண்டியில் முப்பத்தொரு பேர் வந்தார்கள்.

பிறகு மெட்ரோ வந்தது. உப்பலில் ஏறி, அமீர்பேட்டில் மாறி, மியாப்பூரில் இறங்கலாம். மியாப்பூரிலிருந்து நம் கேட்டுக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. அப்போது நான்தான் போக்குவரத்துப் பிரிவின் பொறுப்பில் இருந்தேன். ஒரே நாள் மாலையில் உட்கார்ந்து குறிப்பு எழுதி முடித்தேன். உப்பல் பஸ்ஸை நிறுத்திவிடலாம். மியாப்பூர் ஸ்டேஷனுக்கும் கேட்டுக்கும் இடையே ஒரு சின்ன இணைப்பு பஸ் விடலாம். டீசல் மிச்சம், புகை மிச்சம், சாலையில் ஒரு பெரிய வண்டி குறைவு. யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அந்த வருடம் சுற்றுச்சூழல் தினத்தன்று மேடைக்கு அழைத்து ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதை என் மேஜையில் டெலிபோனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். பொய் சொல்வானேன், தினமும் ஒரு முறையாவது அதைப் பார்ப்பேன்.

இணைப்பு பஸ் மியாப்பூரில் காலை ஏழு இருபத்தைந்துக்குக் கிளம்ப வேண்டும். எட்டு மணிக்கு ஷிஃப்ட். அதற்கு மேல் வந்தால் அரை நாள் விடுப்பு போய்விடும். ஆகவே ஓட்டுநருக்கு எழுத்தில் ஓர் ஆணை கொடுத்தேன்: ஏழு இருபத்தைந்துக்கு மேல் ஒரு நிமிடம்கூட நிற்கக் கூடாது.

அந்த பஸ்ஸை ஓட்டியவர் சேவியர். லாலாகுடாவில் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒர்க்ஷாப் வேலைக்கு வந்த குடும்பம். வீட்டில் தமிழ், தெருவில் உருது, இரண்டும் கலந்து அவருக்கென்று ஒரு பாஷை உண்டு. இருபது வருடங்களுக்கு மேல் நம்மிடம் வண்டி ஓட்டியவர். அவர் வண்டியில் ஒரு கீறல் விழுந்து நான் பார்த்ததில்லை.

திட்டம் தொடங்கி ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை நான் ஆபீஸில் நுழைந்தபோது டெலிபோன் அடித்துக்கொண்டிருந்தது.

"மேடம், நான் சேவியர். ட்ரெயின் இன்னும் வரல. அமீர்பேட்ல யாருக்கோ மயக்கமாம், எறக்கிப் பாத்துக்கினு கீறாங்களாம். நம்ம செல்வராஜ் உள்ளேருந்து போன் பண்ணான். கிட்டத்தட்ட இருவது பேரு அதுலதான் வராங்க. இங்க பஸ்ல பன்னண்டு பேரு உக்காந்துகினு கீறாங்க. நிக்கவா, எடுக்கவா?"

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"அது யாருக்கு மேடம் தெரியும்? அஞ்சும் ஆகலாம், பத்தும் ஆகலாம்."

அதற்கு முந்தைய வாரம்தான் பஸ் நான்கு நிமிடம் தாமதமாக வந்ததற்காக ஊழியர்களின் வருகையைப் பதிவு செய்யும் நேர அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. அது என் மேஜையிலேயே கிடந்தது. வண்டியில் ஏறி உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேர் என் கண்ணுக்குத் தெரிந்தார்கள். ரயிலுக்குள் இருந்த இருபது பேர் தெரியவில்லை.

"ஆர்டர் என்ன சொல்லுது சேவியர்?"

"ஏழு இருவத்தஞ்சு."

"அப்போ எடுங்க."

"ஹவ் மேடம்" என்று தன் உருதுவில் ஆமாம் போட்டுவிட்டு வைத்தார்.

பஸ் போன ஏழாவது நிமிடம் ரயில் வந்ததாக அப்புறம் தெரிந்தது. இறங்கியவர்கள் ஷேர் ஆட்டோவிலும் டவுன் பஸ்ஸிலும் தொற்றிக்கொண்டு வந்து சேர எட்டரை மணிக்கு மேல் ஆகிவிட்டது. அத்தனை பேருக்கும் அரை நாள் விடுப்பு கழிக்கப்பட்டது. மதியம் சாப்பாட்டு நேரத்தில் செல்வராஜ் என் ஜன்னலுக்கு வந்தார். லேத் இயந்திரங்கள் ஓடும் கடைசல் பிரிவில் வேலை செய்பவர், தர்மபுரிப் பக்கம் சொந்த ஊர், உப்பலைத் தாண்டி ஒரு காலனியில் வீடு. சத்தம் போடுகிற ஆள் இல்லை.

"மேடம், அந்த லீவு எம் பொண்ணுக்குக் காலேஜ் அட்மிஷனுக்குன்னு வெச்சிருந்தேன். போனது போவட்டும். இன்னொரு நாள் இதே மாதிரி ஆனா நாங்க என்ன பண்றது?"

"அதுக்கு முந்தின ட்ரெயின்ல வந்துடுங்க."

"முந்தின ட்ரெயினப் புடிக்கணும்னா நாங்க ஸ்டேஷனுக்கு நடந்துதான் வரணும் மேடம். அந்நேரத்துக்கு எங்க பக்கம் ஆட்டோ கெடையாது. எங்கூட வர்ற லேடீஸுங்க அந்த இருட்டுல எப்படி வருவாங்க?"

பார்க்கலாம் என்றேன். இந்த ஒரு வார்த்தையை உங்கள் வாழ்நாளில் எத்தனை முறை சொல்லப் போகிறீர்களோ தெரியாது. நான் சொன்ன எல்லாவற்றிலும் இந்த ஒரு தடவை சொன்னதுதான் எனக்கு நினைவிருக்கிறது. ஏனென்றால் நான் பார்க்கவில்லை.

இரண்டு வாரம் கழித்து செல்வராஜ் தன் மைத்துனரின் பழைய பைக்கில் வேலைக்கு வர ஆரம்பித்தார். அவர் மட்டும் இல்லை. வண்டி நிறுத்துமிடத்தில் இடம் போதவில்லை, கூரையை நீட்ட வேண்டும் என்று அங்கே இருந்த காவலர் எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தில் 'பரிந்துரைக்கிறேன்' என்று கையெழுத்துப் போட்டவள் நான்தான். கேடயம் இருந்த அதே மேஜையில் வைத்துத்தான் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

செப்டம்பர் மாதம். விடாத மழை. கூகட்பள்ளி அருகே தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் செல்வராஜின் வண்டி சறுக்கி, சாலை நடுவில் மெட்ரோ தூண்களைச் சுற்றிக் கட்டியிருக்கும் தடுப்பில் மோதியது. முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்துவிட்டது. ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினார். பின்னால் பைக்கில் வந்த இன்னொரு நம் ஊழியர்தான் தூக்கிப் போய் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். அவரும் முன்பு உப்பல் பஸ்ஸில் வந்தவர்தான்.

மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனேன். செல்வராஜ் மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மல்லிகா எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். கல்லூரியில் சேர்ந்திருந்த பெண் ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் எந்த டாக்டர், எத்தனை நாள் என்று எதையோ கேட்டுக்கொண்டிருந்தேன். மல்லிகா பொறுமையாகப் பதில் சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, குத்திக் காட்டும் எண்ணமே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் விசாரிப்பதுபோல ஒன்று கேட்டார்.

"நீங்க எதுல மேடம் ஆபீஸுக்குப் போறீங்க?"

எனக்குத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வீடு. ஆபீஸுக்குப் பத்து நிமிட நடை. ஜீப் வந்து கூட்டிப்போகும்.

"ஜீப்புல" என்றேன்.

"அப்படியா" என்றார் மல்லிகா. அதற்குள் அந்தப் பெண், "அம்மா, டாக்டர் ஒச்சாரு" என்று டாக்டர் வந்துவிட்டதைத் தெலுங்கில் சொல்ல, இருவரும் கட்டிலருகே போய்விட்டார்கள். நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் பஸ் விட்டவள் நான். நான் விட்ட இணைப்பு பஸ்ஸில் ஒரு நாள்கூட ஏறியதில்லை. பத்து நிமிட நடைக்கு ஜீப் வைத்துக்கொண்டு, சுற்றுச்சூழலுக்குக் கேடயம் வாங்கியிருக்கிறேன். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

என் தங்கை வீடு உப்பலைத் தாண்டி, செல்வராஜின் காலனிக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது. அடுத்த திங்கட்கிழமையிலிருந்து இரண்டு வாரம் அவள் வீட்டில் தங்கி அங்கிருந்தே வேலைக்குப் போவதென்று முடிவு செய்தேன். பையோடு போய் நின்றவளைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு.

"ஏக்கா, ரிட்டையர் ஆகப் போற வயசுல ஒனக்கு என்னத்துக்கு இந்த வேல? ஃபைல்ல எழுதிப் போட்டா ஆச்சு."

"ஃபைல்ல எழுதித்தாம்ட்டி இப்படி ஆச்சு" என்றேன். எங்கள் திருநெல்வேலிப் பேச்சு அவளோடு மட்டும்தான் மிச்சம்.

அந்த இரண்டு வாரங்களில் நான் தெரிந்துகொண்டதை எந்தக் கூட்டத்திலும் யாரும் எனக்குச் சொன்னதில்லை. தங்கை வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குப் பதினைந்து நிமிடம் நடக்க வேண்டும். அதில் பாதி தூரத்துக்கு விளக்கு கிடையாது, நாய்கள் உண்டு. செல்வராஜ் சொன்னது அப்படியே உண்மை. ரயில் ஏறிவிட்டால் சுகம்தான். ஜன்னல் வழியே கீழே திணறும் சாலையைப் பார்த்துக்கொண்டே போகலாம். ஆனால் அமீர்பேட்டில் மாறும்போது ஒரு ரயிலைத் தவறவிட்டால், அடுத்ததற்காக நிற்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் நம் பஸ்ஸை இழக்கும் நிமிடங்கள். அதனால் நம் ஆட்கள் எல்லோரும் ஒரு குறிப்பிட்ட கதவருகே நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மியாப்பூரில் அந்தக் கதவு படிக்கட்டுக்கு நேராகத் திறக்கும். திறந்ததும் ஓட்டம். ஐம்பது வயதுக்காரர்கள், புடவை கட்டிய பெண்கள், டிபன் பையோடு எல்லோரும் ஓடுவார்கள். வேலைக்குப் போகிறவர்கள் தினமும் காலையில் இப்படி ஓட வேண்டும் என்று யார் தீர்மானித்தது? ஏழு இருபத்தைந்து என்று எழுதிய என் பேனாதான்.

ஒன்பதாம் நாள் எனக்கு முட்டி வலி. ரயில் இரண்டு நிமிடம் பிந்தித்தான் வந்தது. இளையவர்கள் ஓடிவிட்டார்கள். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படிக்கு வந்தபோது நம் பஸ் இண்டிகேட்டர் போட்டு நகரத் தொடங்கியது. கையை உயர்த்தினேன். பஸ் போய்விட்டது.

ஒரு பஸ்ஸின் பின்பக்கத்தை அவ்வளவு நேரம் நான் பார்த்தது அன்றுதான். அதில் நம் தொழிற்சாலையின் பெயர் எழுதியிருந்தது.

பக்கத்தில் ஸ்டோர்ஸில் வேலை செய்யும் ஒரு பெண்ணும் விடுபட்டு நின்றார். அந்த ஆணையில் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்று அவருக்குத் தெரியுமோ என்னவோ. "வாங்க மேடம், ஷேர் ஆட்டோ கெடைக்கும், பழகிடும்" என்று தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில் சொல்லி என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். ஆறு பேர் நெருக்கி உட்கார்ந்து வந்து சேர்ந்தபோது எட்டே கால். எனக்கும் அரை நாள் விடுப்பு போயிற்று.

மதியம் சேவியரைக் கூப்பிட்டேன்.

"காலையில என்னைப் பார்க்கலையா சேவியர்?"

"பாத்தேன் மேடம். மிரர்ல பாத்தேன். கையத் தூக்குனீங்க."

"அப்புறம் ஏன் நிக்கல?"

"ஆர்டர் மேடம். கீழ உங்க கையெழுத்து கீது. தெனம் அந்தப் படிக்கட்டுல யாராச்சும் ஒர்த்தர் கையத் தூக்குறாங்க. உங்களுக்குன்னா நின்னுட்டு, மத்தவங்களுக்கு நக்கோ, நிக்க மாட்டேன்னு சொன்னா, அவங்க மொகத்துல நான் எப்படி முழிக்கிறது?"

அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கோபமாக இல்லை, பயந்தும் இல்லை.

"ஏன் இப்படி ஒரு ஆர்டர்னு நான் கேக்கல மேடம். நான் டிரைவர். ஆனா தெனம் மிரர்ல பாக்கறது நான்தான். அன்னிக்கு செல்வராஜ் போன் பண்ணப்போ, நானே ஒரு பத்து நிமிஷம் நின்னிருந்தா என்னா ஆயிருக்கும்? ஒரு மெமோ வந்திருக்கும். அவ்ளோதானே. அத நெனச்சிக்கினேதான் வண்டி ஓட்றேன்."

அப்போதுதான் புரிந்தது, அந்தக் கால் முறிவை என்னோடு இன்னொருவரும் சுமந்துகொண்டிருக்கிறார் என்று. அது அவர் சுமக்க வேண்டியதே இல்லை.

அன்று மாலையே காவலரிடம் போய் வண்டிகளை எண்ணினேன். உப்பல் பஸ்ஸில் வந்த முப்பத்தொரு பேரில் பத்தொன்பது பேர் இப்போது பைக்கில் வருகிறார்கள், மூன்று பேர் காரில். நான் ஒரு பஸ்ஸின் புகையை நிறுத்தி இருபத்திரண்டு வண்டிகளின் புகையை உண்டாக்கியிருக்கிறேன். இதை அப்படியே எழுதினேன். முன்பு நான் எழுதிய குறிப்பு தவறு என்றும், மக்கள் எப்படி வருவார்கள் என்பதைப் பார்க்காமல் வண்டி எங்கே ஓடும் என்பதை மட்டும் பார்த்தேன் என்றும் எழுதி, என் பெயரைப் போட்டு மேலே அனுப்பினேன்.

ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டார். நேர அலுவலகத் தலைவரும் இருந்தார். பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது, சாரத்தைச் சொல்கிறேன்.

"பரிசு வாங்கிய திட்டம். அதை நீங்களே தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். யாரும் உங்களைக் கேட்கவில்லையே" என்றார் ஜெனரல் மேனேஜர்.

"கேட்டிருக்க வேண்டும் சார்" என்றேன்.

என்ன வேண்டும் என்று கேட்டார். இரண்டு விஷயம் சொன்னேன். ரயில் பிந்தினால் பஸ் நிற்கலாம். எவ்வளவு நேரம் நிற்பது என்பதை அங்கே நிற்கும் ஓட்டுநரே முடிவு செய்யட்டும். இரண்டாவது, கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் எந்த நேரத்தில் இறங்கினாலும் அவருக்குத் தாமதம் என்று போடக் கூடாது. தாமதம் பஸ்ஸுடையது, அதாவது என்னுடையது.

நேர அலுவலகத் தலைவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. விதியை விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும் என்று நம்புகிறவர். "அப்படிச் செய்தால் பைக்கில் வருகிறவர்கள் நாளைக்கே வந்து நிற்பார்கள். நாங்களும்தான் டிராஃபிக்கில் மாட்டிக்கொள்கிறோம், எங்களுக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகை இல்லை என்பார்கள். அவர்களுக்கு என்ன சொல்வேன்?"

"பஸ்ஸில் வரச் சொல்லுங்கள்" என்றேன்.

மூன்று மாதம் பார்க்கலாம் என்றார் ஜெனரல் மேனேஜர். அவர் சொன்ன 'பார்க்கலாம்' நிஜமான பார்க்கலாம். ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கை கேட்டார்.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். முதல் மாதம் பஸ்ஸுக்குத் திரும்பியவர்கள் இரண்டே பேர். ஒரு பஸ்ஸை நிறுத்த ஒரு நாள் மாலை போதும். அது நிற்கும், நம்மை விட்டுவிட்டுப் போகாது என்று ஒரு மனிதர் மறுபடியும் நம்ப எவ்வளவு நாளாகும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. பைக் வாங்கியவர் அதை விற்க மாட்டார். வீட்டு வாசலில் பைக் நிற்கும்வரை கை சாவியைத்தான் தேடும்.

ரயிலுக்கு முந்தைய தூரம் இன்னும் அப்படியே இருந்தது. அதற்கு நான் செய்தது மிகச் சின்ன வேலை. உப்பல் பக்கம் இருக்கும் எல்லோருடைய சம்மதத்தையும் கேட்டு, யார் எந்தக் காலனி, எந்தத் தெரு என்று ஒரு பெரிய தாளில் எழுதி கேண்டீன் சுவரில் ஒட்டினேன். பத்து வருடம் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இரண்டு பேர், அடுத்தடுத்த தெருவில் குடியிருப்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார்கள். ஒரே வாரத்தில் அவர்களே பேசி ஓர் ஆட்டோக்காரரைத் தினமும் காலையில் வரச் சொல்லி ஏற்பாடு செய்துகொண்டார்கள். இருட்டில் நடக்கும் அந்தப் பதினைந்து நிமிடம் போயிற்று. நாங்கள் போட்ட எந்த ஆணையும் அதைச் செய்யவில்லை.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு சோதனை வந்தது. அன்று வெளியூரிலிருந்து வாடிக்கையாளர்கள் ஓர் இயந்திரத்தைச் சோதிக்க வருவதாக இருந்தது. அதை இயக்கிக் காட்ட வேண்டிய போர்மன் பஸ்ஸில் இருந்தார். எட்டு அடித்து ஐந்து நிமிடமாகியும் பஸ் வரவில்லை. ஜெனரல் மேனேஜரே டெலிபோனில்.

"பஸ் எங்கே?"

எனக்குத் தெரியாது. சேவியரை அழைத்தேன், ஓட்டும்போது அவர் எடுக்க மாட்டார். அவர் நின்றிருக்கிறார் என்று மட்டும் ஊகித்தேன். ஏன், எவ்வளவு நேரம், ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொன்னால் பழி சேவியருக்குப் போகும். அன்றே அந்த ஏற்பாடு முடிந்துவிடும்.

"மியாப்பூரில் ரயிலுக்காக நின்றிருக்கும் சார். அது என் ஏற்பாடு. என்ன ஆனாலும் பொறுப்பு என்னுடையது."

"வாடிக்கையாளர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்."

"தெரியும் சார்."

எட்டு பத்துக்குப் பஸ் வந்தது. கேட்டில் நானே போய் நின்றேன். முதலில் இறங்கிய போர்மனிடம், "ஜி.எம். காத்திருக்கிறார், ஓடுங்க" என்றேன். அவர் ஓடவில்லை. "மேடம், அந்த மெஷினுக்கு அளவு எடுக்கிற ரெண்டு பேரும் அந்த ட்ரெயின்லதான் வந்தாங்க. அவங்க இல்லாம நான் மட்டும் வந்து என்ன செய்ய?" என்று சொல்லிவிட்டு, பின்னால் இறங்கிய இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். சேவியர் ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி என்னைப் பார்த்தார்.

"பதினஞ்சு நிமிஷம் நின்னேன் மேடம். ட்ரெயின் வந்து அவங்க படியில எறங்குற வரைக்கும் நின்னேன்."

"சரி" என்றேன். அவர் வேறு விளக்கம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த மாதத்துக்குப் பிறகுதான் எண்ணிக்கை ஏறத் தொடங்கியது. பஸ் நின்றது, அதற்காக யாருக்கும் மெமோ வரவில்லை என்ற செய்தி கடைசல் பிரிவிலிருந்து ஸ்டோர்ஸ் வரை போய்ச் சேர்ந்திருந்தது. ஒன்றரை வருடத்தில் அந்தச் சின்ன பஸ் போதாமல் பெரிய பஸ் போட வேண்டியதாயிற்று. ஆறு பேர் கடைசிவரை பைக்கை விடவில்லை. ஒருவர் போகும் வழியில் தாயாருக்கு மருந்து கொடுத்துவிட்டு வர வேண்டும். அவருக்கு பைக்தான் சரி. எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றுவது நம் வேலை இல்லை. ஏற நினைக்கிறவரைப் படிக்கட்டில் விட்டுவிட்டுப் போகாமல் இருப்பதுதான் நம் வேலை.

செல்வராஜ் ஏழு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினார். ஒரு கால் லேசாகக் குட்டை. வெகு நேரம் நிற்க முடியாது என்பதால் உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மாற்றினார்கள். கடைசலில் அவ்வளவு நுணுக்கமான கை. அந்த இழப்பை யாரும் ஈடு செய்ய முடியாது. அவர் பஸ்ஸில்தான் வந்தார், டிரைவருக்குப் பின்னால் இருக்கும் முதல் சீட்டில். நான் பல முறை அவரிடம் பேச வேண்டும் என்று நினைத்தேன். ஜன்னல் வழியே பார்ப்பேன், கூப்பிட மாட்டேன்.

என் கடைசி வேலை நாளன்று, மீண்டும் தங்கை வீட்டில் தங்கி, உப்பலிலிருந்தே கிளம்பினேன். மியாப்பூரில் இறங்கி நிதானமாகப் படியிறங்கினேன். முதல் சீட்டில் செல்வராஜுக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. உட்கார்ந்து, வண்டி கிளம்பிய பிறகு கேட்டேன்.

"செல்வராஜ், அன்னைக்கு நான் பஸ்ஸை எடுக்கச் சொன்னதுல என் மேல கோபம் இருக்கா?"

காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"இல்லேன்னு சொன்னா பொய் மேடம். படுத்துக் கெடந்தப்போ நெறையவே இருந்துச்சு. இப்பவும் குளிர் வந்தா காலு வலிக்கும், அப்போ வரும். ஆனா காலைல இந்த பஸ்ஸுல ஏறினா அர மணி நேரம் தூங்கறேன். வண்டி ஓட்டிக்கிட்டு வந்தப்போ ஒரு நாளும் நிம்மதியா இருந்ததில்ல. மல்லிகாவும் நான் போய்ச் சேந்துட்டேனான்னு இப்பல்லாம் போன் பண்றதில்ல."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிவிட்டார். சந்தாநகர் வருவதற்குள் நன்றாகத் தூங்கிப் போனார். கேட் வந்ததும் நான்தான் தோளைத் தொட்டு எழுப்பினேன்.